எழுவாய் கேட்டவர்

அவர் வரும்வரை எங்கள் குடியிருப்பில் யாரும் எதையும் செய்ததில்லை. எல்லாம் செய்யப்பட்டன. மோட்டார் இயக்கப்பட்டது, தண்ணீர் நிறுத்தப்பட்டது, மொட்டை மாடியில் அப்பளம் காயவைத்தது கண்டிக்கப்பட்டது. இந்த வாக்கியங்களையெல்லாம் எழுதியது நான். இரும்புலியூரில் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்கு நான் செயலாளர். வேறு யாரும் முன்வராததால் நியமிக்கப்பட்டேன்.

எழுதுவதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு. சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் வரைவுக் கடிதம் எழுதுவதுதான் என் வேலை. 'தங்கள் மனு பெறப்பட்டது, உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்ற வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் சொல்வேன். அந்த வாக்கியத்தில் நடவடிக்கை எடுப்பவர் என்று ஓர் ஆள் கிடையாது. மனு கொடுத்தவர் நேரில் வந்தால் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தாழ்வாரத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார். வாக்கியம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

எங்களுக்கு எதிர் ஃப்ளாட்டில் அவர் குடிவந்தார். ஆப்பிரிக்காவில் பேர் பெற்ற நாவலாசிரியர். தாம்பரத்தில் ஒரு கல்லூரி, மாணவர்களுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுக்க ஒரு வருடத்துக்கு அழைத்திருந்தது. அவர் பெயரையும் நாட்டையும் நான் சொல்லப்போவதில்லை. நாட்டைச் சொன்னால் பெயரைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அவர் மேல் இப்போது அங்கே ஒரு வழக்கும் நடக்கிறது. அறுபதை ஒட்டிய வயது, நல்ல உயரம், கணீரென்ற குரல். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும். இங்கே எனக்குக் கைவந்த தமிழில் எழுதுகிறேன்.

வந்த அன்றே கதவைத் தட்டினார். நான் சமையலறையிலிருந்து வழக்கம்போல "யாரு?" என்று கத்தினேன். திறந்தால் இவர்.

"இப்ப சத்தமா ஏதோ சொன்னீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"வந்திருக்கிறது எந்த ஆள்னு கேட்டேன்."

"யாரு," என்று சொல்லிப் பார்த்தார். "நல்ல சொல். நானும் அதைக் கேக்கத்தான் வந்தேன். லிஃப்ட் பக்கத்துல இங்கிலீஷ்ல ஒரு அறிவிப்பு இருக்கு. குடியிருப்போர் சத்தம் எழுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கேட்டுக்கிறது யாரு?"

"சங்கம்."

"சங்கத்தை எந்த ஃப்ளாட்டுல பாக்கலாம்?"

"நான்தான் எழுதினேன்."

"அப்ப நான் கேட்டுக்கிறேன்னே எழுதியிருக்கலாமே. ஒரு பெண் கேட்டா நான் சத்தம் போடமாட்டேன். சங்கம் கேட்டா, கொஞ்சம் போடலாம்னு தோணுது."

அவர் கற்ற முதல் தமிழ்ச் சொல் அதுதான். கற்றதோடு நிற்கவில்லை. கரென்ட் போய்விட்டது என்றால் "யாரு?" என்பார். சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள் என்றால் "யாரு?" என்பார். தாம்பரம் ரயில் நிலையத்தில் வண்டி தாமதம், ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒலிபெருக்கி சொன்னபோது மட்டும் பாராட்டினார். "சிரமம் தானா ஏற்பட்டிருக்கு. ஆனா வருத்தப்படறதுக்கு மட்டும் ஆள் இருக்காங்க, பாருங்க."

வாசலுக்கு வரும் கீரைக்கார அக்கா அவரை "ஆப்பிரிக்கா மேடம்" என்று கூப்பிடுவார். ஒருநாள் இவர் என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, "அப்படின்னா நீங்க ஆசியா அக்காவா?" என்று கேட்டார். கீரைக்காரருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. மறுநாளிலிருந்து தெருவில் "ஆசியாக்கா வந்துகிறேன், முளைக்கீர, அரக்கீர" என்று கூவ ஆரம்பித்தார். இன்றும் அப்படித்தான் கூவுகிறார்.

பள்ளிக்கூட இலக்கணத்தில் 'யார்' என்று கேட்டால் வருகிற விடைக்கு எழுவாய் என்று பெயர் என ஒருநாள் நாவலாசிரியரிடம் சொல்லிவைத்தேன். அந்தச் சொல்லையே 'நீ எழுந்திருப்பாய்' என்றும் படிக்கலாம் என்றேன். காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "இப்படி ஒரு சொல்லை வெச்சுக்கிட்டா நீங்க அந்த மாதிரி அறிவிப்பெல்லாம் எழுதறீங்க?" என்றார். எங்கள் துறையில் எழுவாய்க்குப் பணியிடமே இல்லை.

கருவாட்டு விவகாரம் அதற்குப் பிறகு நடந்தது. அவர் நாட்டிலும் கருவாடு உண்டாம். மிளகாயோடு வேர்க்கடலை அரைத்துப் போட்டு ஒரு குழம்பு வைப்பார். வாசனை மாடிப்படி வழியாக நிதானமாக ஏறி எல்லா வீட்டுக்கும் போகும். சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவர் ஓய்வுபெற்ற அதிகாரி. "புகார் வந்திருக்கும்மா. பக்குவமா ஒரு வார்த்தை சொல்லிடுங்க," என்றார். போய், புகார் பெறப்பட்டுள்ளது என்று பக்குவமாகச் சொன்னேன்.

"யாரு?" என்றார்.

"பொதுவா வந்திருக்கு."

"பொதுவுக்கு மூக்கு கிடையாது," என்று சொல்லிவிட்டு ஒரு பாத்திரத்தில் குழம்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கதவு திறந்ததும் "நீங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் நன்றி சொல்லி அடுத்த கதவுக்குப் போவார். நான் பின்னால் நின்று மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு மொழிபெயர்த்தேன். தலைவர் தன் வீட்டு வாசலில் நின்று, தனக்குத் தனிப்பட்ட முறையில் மணமே தெரியாது என்றார். மூன்றாவது மாடி ஜெயந்திதான் கடைசியில், "ஆமா, நான்தான் சொன்னேன். மசக்கையில இருக்கேன். அந்த வாசனை வந்தா கொமட்டுது. இப்ப அதுக்கு என்ன?" என்றாள்.

இவர் பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஜெயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கட்டடத்துலயே தைரியசாலி நீதான். குழந்தை பிறக்கிறவரைக்கும் என் வீட்டுல கருவாடு கிடையாது," என்றார். சொன்னபடி சமைக்கவில்லை. பாத்திரத்தில் இருந்ததை நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவார். கதவு திறந்தே இருக்கும். எழுதியதை உரக்கப் படிப்பார். திடீரென்று படிப்பது நிற்கும், தாள் கசங்கும் சத்தம் வரும். ஒரு முறை என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தேன். "பயந்துட்டேன்," என்றார். "பயந்து எழுதின வாக்கியத்தைச் சுலபமா கண்டுபிடிக்கலாம். அதுல நாற்காலி இருக்கும், ஜன்னல் இருக்கும், மழை இருக்கும். ஆள் மட்டும் இருக்கமாட்டான்."

கல்லூரியில் ஒரு மாணவி, கண்ணாடி உடைந்து கிடந்த ஒரு வீட்டைப் பற்றிக் கதை எழுதிவந்தாளாம். யார் உடைத்தது என்று இவர் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் அடுத்த வாரம் எழுதிவந்த கதையில் அப்பா இருந்தார். "வீட்டுல காட்ட முடியாதுன்னு சொன்னா. காட்டறது வேற தைரியம், அது அப்புறம் வரும், வராமலும் போகும். எழுதற தைரியம் வந்துடுச்சு," என்றார்.

இவரோடு பழகுவது உடம்புக்கு ஆகாது என்று எனக்கே ஒரு கட்டத்தில் தோன்றியது. அலுவலகத்தில் ஒரு முதியவரின் மனுவுக்குப் பதில் எழுதும்போது, 'தங்கள் மனுவை நான் இத்தனை நாள் கவனிக்கத் தவறிவிட்டேன்' என்று கை தானாக எழுதிவிட்டது. கண்காணிப்பாளர் என்னை உள்ளே கூப்பிட்டார். உடம்பு சரியில்லையா, இரண்டு நாள் லீவு போட்டுக்கொள்ளுங்கள் என்று கரிசனத்தோடு சொன்னார். கடிதம் திருத்தப்பட்டது.

அந்த வருட மழைக்குப் பிறகு எங்கள் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. எங்கள் பக்கம் பாதாளச் சாக்கடை கிடையாது. லாரியைக் கூப்பிட்டு உறிஞ்சச் சொல்வோம். லாரி வந்து உறிஞ்சியது. ஆனாலும் மறுநாளே தரைத்தளக் குளியலறைகளில் தண்ணீர் எதிர்த்து வந்தது. லாரிக்கார கான்ட்ராக்டர் மூங்கில் கழியை விட்டுப் பார்த்துவிட்டு, "அடியில கெட்டியாயிக்கீது சார். லாரி இஸ்துக்காது. ஆளு எறங்கி வழிச்சாதான் ஆவும்," என்றார்.

அப்படி ஆளை இறக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது தலைவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலைவர் கெட்டவர் இல்லை. முந்தைய வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் ஜெயந்தியின் மாமியாரை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றியவர் அவர்தான். "ஆள் இறங்காமலே அள்ளற மெஷின் வண்டின்னு ஒண்ணு இருக்காம், அதுக்குக் காத்துக்கிட்டிருந்தா வாரமாகும். எல்லா இடத்துலயும் நடக்கறதுதானே. பாத்துப் பண்ணிடலாம்," என்றார். கமிட்டியில் இருந்த மற்றவர்கள் தலையாட்டினார்கள். அப்படி ஆட்டினால் ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் அறிவிப்பு எழுதி ஒட்டினேன். ஞாயிறு காலை தொட்டி சுத்தம் செய்யப்படும், அந்நேரம் தண்ணீர் நிறுத்தப்படும், ஒத்துழைப்பு எதிர்பார்க்கப்படுகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டார். தமிழ் எழுத்தில் அவருக்குத் தடங்கலில்லாமல் படிக்க வந்தது 'படும்' ஒன்றுதான். "கீழே நிறைய 'படும்' இருக்கு. என்ன நடக்கப்போகுது?" என்றார்.

சொன்னேன்.

"உள்ளே இறங்கறது யாரு?"

"கான்ட்ராக்டரோட ஆள்."

"பேரு?"

"தெரியாது."

"உள்ளே விஷவாயு இருக்குமா?"

"இருக்கலாம். சில இடத்துல ஆளுங்க இறந்திருக்காங்க."

"அனுப்பறது யாரு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மேடம், இங்க எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க. உங்க ஊர்ல மட்டும் எல்லாத்துக்கும் பேர் போட்டா எழுதறாங்க?"

அவர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்து ஒரு வரியைக் காட்டினார். அவருடைய புத்தகம்தான். 'அன்று மாலை மதகுகள் திறக்கப்பட்டன' என்று இருந்தது.

அவர் ஊர்ப் பக்கம் ஓர் அணை. மழையில் நிரம்பியபோது முன்னறிவிப்பு இல்லாமல் திறந்துவிட்டார்கள். கீழே இருந்த மீனவர் குடியிருப்பு ஆற்றோடு போனது. "திறக்கச் சொன்ன ஆள் யாருன்னு எனக்குத் தெரியும். கைப்பிரதியில பேர் இருந்துச்சு. அச்சுக்குப் போற முன்னாடி எடுத்துட்டேன்."

"மிரட்டினாங்களா?"

"யாரும் மிரட்டல. ஒருத்தரும் போன்கூடப் பண்ணல. நானே பயந்தேன், நானே எடுத்தேன்." புத்தகத்தை மூடினார். "அதுக்குத்தான் எனக்குப் பெரிய பரிசு கொடுத்தாங்க. பாராட்டுக் கூட்டத்துல ஒரு பெண் எழுந்தாள். ரெண்டு பிள்ளைகளை ஆத்துக்குக் கொடுத்தவள். திறந்தது யாருன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், உங்க புத்தகத்துக்கு மட்டும் ஏன் தெரியலைன்னு கேட்டாள். கூட்டத்துல கைதட்டினாங்க. அவளுக்குத் தட்டினாங்களா, எனக்கான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது."

அந்தப் புத்தகத்துக்கு இப்போது புதிய பதிப்பு வந்திருக்கிறது. அந்த வரியில் ஓர் ஆளின் பெயர் இருக்கிறது. வழக்கு அதனால்தான். அந்தப் பெண் படித்தாளா என்று கேட்டு நாவலாசிரியருக்கு எழுதினேன். அவள் அதற்குள் இறந்துவிட்டாள் என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை வண்டி வந்தது. கான்ட்ராக்டரோடு இரண்டு பேர். ஒருவர் கயிற்றை உதறிக்கொண்டிருந்தார். இன்னொருவர் சட்டையைக் கழற்றி மடித்து வண்டியின் சீட்டில் வைத்தார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். தொட்டி மூடியைத் திறந்ததும் பால்கனிகளில் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. சாத்தியது யார் என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும்தான்.

நாவலாசிரியர் நேராக அந்தச் சட்டை கழற்றியவரிடம் போனார். "உங்க பேரு?" என்றார், தமிழில்.

"இன்னாத்துக்கு மேடம்?"

"சும்மாதான் கேக்கறாங்க," என்றேன் நான்.

"சேகரு."

அவர் தன் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினார். சேகர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். அவ்வளவுதான். நாவலாசிரியர் வேறொன்றும் பேசவில்லை. ஓரமாகப் போய் நின்று என்னைப் பார்த்தார். பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நான் லிஃப்ட் அருகே போய் என் அறிவிப்பைக் கிழித்தேன். அதன் பின்பக்கத்தில், இருசக்கர வண்டி ஒன்றின் சீட்டின் மேல் வைத்து, இப்படி எழுதினேன்: 'சேகர் என்பவரை நாங்கள் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குகிறோம். உள்ளே அவருக்கு ஏதாவது ஆனால் அதைச் செய்தவர்கள் நாங்கள்.' கீழே செயலாளர், தலைவர் என்று எழுதி இரண்டுக்கும் மேலே இடம் விட்டேன். என் வாழ்நாளில் எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சின்னப் பெயர், ஒரு இழுப்பில் முடிந்துவிடும். பேனாவை வைத்தேன். இழுக்க வரவில்லை.

தாளைத் தலைவரிடம் கொடுத்தேன். "எனக்குக் கை வரல சார். நீங்க போடுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இப்படியெல்லாம் எழுதலாமாம்மா?"

"நடக்கப்போறது அதுதானே சார்."

"கமிட்டி எடுத்த முடிவு இது."

"கமிட்டியில யாரு சார்?"

அவர் சுற்றிப் பார்த்தார். கமிட்டியில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நின்றிருந்தாள். "வேணாம் அங்கிள். மெஷின் வர்ற வரைக்கும் நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடறேன். மத்தவங்க பக்கெட்டுல சமாளிக்கட்டும்," என்றாள்.

தலைவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மூடுங்கப்பா," என்றார்.

யாரும் கைதட்டவில்லை. சேகருக்குத்தான் கோபம் வந்தது. "இன்னா சார் பேஜாரு? வான்னு கூப்ட்டு, போன்னு சொல்றீங்க. மேடம் என் பேர எழுதிக்கினா நாத்தம் போயிருமா? இன்னிக்கு என் கூலி?" என்றார். நியாயமான கேள்வி. எங்கள் யாரிடமும் அதற்குத் தயாரான வாக்கியம் இல்லை.

"நான் தர்றேன்," என்றார் தலைவர். சங்கக் கணக்கில் என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் போய் எடுத்துவந்து கொடுத்தார். அவர் வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கான்ட்ராக்டர் கயிற்றை வண்டியில் போட்டார். "வுடு சேகரு. பின்னாடித் தெருவுல ஒரு அபார்ட்மென்ட்டு கீது. அத்த முடிச்சிரலாம், ஏறு."

"என்ன சொல்றார்?" என்று நாவலாசிரியர் என்னைக் கேட்டார். போகிறோம் என்கிறார் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு தொட்டிக்குப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் வீட்டுச் செருப்போடு கேட்டைத் திறந்துகொண்டு நடக்க ஆரம்பித்தார். நானும் போனேன். கொஞ்ச தூரத்தில் தலைவர் ஸ்கூட்டரில் வந்து, அவர் நடக்கிற வேகத்துக்கு ஓட்டிக்கொண்டே பேசினார்.

"மேடம், அது நம்ம அபார்ட்மென்ட் இல்ல. அங்க நான் தலைவர் இல்ல."

"பரவாயில்லை. நான் எங்கேயுமே தலைவர் இல்ல," என்றார் அவர்.

நாங்கள் போனபோது அங்கே வண்டியைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மூடியை இன்னும் திறக்கவில்லை. சதுரமான கான்கிரீட் மூடி, நடுவே இரும்பு வளையம். அவர் நேராகப் போய் அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் குடியிருப்பின் செயலாளர், காபி டம்ளரோடு ஓர் இளைஞர், ஓடிவந்தார். "மேடம், இது பிரைவேட் ப்ராப்பர்ட்டி. எழுந்திருங்க. போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. யார் பேசறதுன்னு கேப்பாங்க. உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க," என்றார்.

நான் குனிந்து அவர் காதில், "மேடம், உங்க விசா," என்றேன்.

"ஞாபகம் இருக்கு," என்று சொல்லி எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். நான் உட்கார்ந்தேன். தலைவர் ஸ்கூட்டரை நிழலாகப் பார்த்து நிறுத்தினார், ஸ்டாண்டு சரியாகப் போட்டிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார், ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டினார். பிறகு, "முட்டி வலிக்குது," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்த இளைஞர் எங்களைப் பார்த்தார், கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் யாருக்கோ போன் போட்டார். "மெஷின் வண்டி திருமுடிவாக்கத்துல ஒரு கம்பெனியில வேலையில கீதாம். வர்றதுக்கு மத்தியானத்துக்கு மேல ஆவும்," என்றார்.

"அதுவரைக்கும் இப்படியே உக்காந்திருப்பீங்களா?" என்று இளைஞர் தலைவரைக் கேட்டார்.

"நான் உக்காந்திருப்பேன். இவங்களை நீங்க தனியா கேட்டுக்கங்க."

சேகர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். தலைவர் மூடியின் ஓரத்தைத் தட்டி, "நீயும் உக்காருப்பா," என்றார்.

"வாணாம் சார். அதும் உள்ளாற நெறைய நாளு இருந்துகிறேன். இன்னிக்கு வெளிய நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு மதில் ஓரமாகப் போய் நின்றார்.

மெஷின் வண்டி அன்று மத்தியானத்துக்கு வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. மறுநாள் எங்கள் குடியிருப்புக்கும் அதே வண்டியை அனுப்பினார்கள். ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்த அன்று, வண்டி வருவதற்கு வெகு முன்பே வெயில் ஏறிவிட்டது. கான்கிரீட் சுட ஆரம்பித்தது. தலைவர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். அந்தக் குடியிருப்பில் யாரும் எங்களோடு பேசவில்லை. பால்கனிகளில் நின்று படம் பிடித்தார்கள்.

பிறகு முதல் மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். நைட்டியின் மேல் துண்டு போட்டிருந்தாள், கையில் ஒரு பழைய குடை. அவளை எனக்குத் தெரியாது. செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. குடையை விரித்து எங்களுக்கு மேலாகப் பிடித்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள்.